ஹில்லெல் வேலைக்கு நான் போகலாமா?

கடிதத்தின் சுருக்கம்

எழுதியவரின் பெயர், ஊர், பல்கலைக்கழகம் எதையும் இங்கே தரவில்லை. அவருக்கு வயது 26. மதுரைப் பக்கத்துப் பெண். சென்னையில் உளவியல் முடித்துவிட்டு மாணவர் விசாவில் அமெரிக்கா போய், ஒரு பெரிய மாநிலப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி முதுகலை படிக்கிறார். முதலாண்டுக் களப்பணி ஒரு அரசுப் பள்ளியில் முடிந்தது. இரண்டாம் ஆண்டுக்கு, வளாகத்தை ஒட்டியிருக்கும் ஹில்லெல் அமைப்பு அவரை அழைத்திருக்கிறது. ஹில்லெல் என்பது கல்லூரிகளில் படிக்கும் யூத மாணவர்களுக்கானது. மாணவர் நலனைப் பார்த்துக்கொள்ள ஒரு சமூகப்பணியாளர் வேண்டும் என்று நினைக்கிறார்கள். களப்பணி நன்றாக அமைந்தால் படிப்பு முடிந்ததும் அந்த வேலையையே தரலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள்.

இடத்தைப் பார்க்கப் போன அன்று வெள்ளிக்கிழமை. இரவு விருந்துக்கு இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாண்டு மாணவி ஒருத்தி, சூப் கிண்ணத்தைக் கிளறிக்கொண்டே, மூன்று வாரமாகத் தூக்கமே இல்லை என்று சொன்னாளாம். "இங்கேதான் வேலை செய்ய வேண்டும் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவளுக்கு என் போன் நம்பரையும் கொடுத்தேன்" என்று எழுதுகிறார்.

ஆனால் கூடவே தங்கியிருக்கும் தோழி, "இந்த நேரத்தில் அங்கே போனால் நீ ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாய் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள்" என்கிறார். அப்பாவோ, மருத்துவமனையில் களப்பணி எடுத்தால்தான் விசாவுக்கு நல்லது, ஒரு மதத்தாரின் அமைப்பில் இருந்துவிட்டால் பிறகு வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்று தினமும் போனில் சொல்கிறார். இதற்கு நடுவில் ஹில்லெல் இயக்குநர், மாதாமாதம் யார் யார் பேச வந்தார்கள் என்று ஒரு பட்டியல் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார். யூதர் அல்லாத நான் இதற்குத் தகுதியா, பட்டியலைக் கொடுக்கலாமா, இந்தப் படிப்பை வைத்து அங்கே உருப்படியாக எதுவும் செய்ய முடியுமா என்பவை வாசகியின் கேள்விகள். இரண்டு வாரத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

பதில்

அன்புள்ள தங்கைக்கு,

போகலாம் என்பதுதான் என் பதில். ஆனால் இரண்டு விஷயங்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். உங்களை மேற்பார்வை செய்யப்போகும் லைசென்ஸ் பெற்ற சமூகப்பணியாளர் யார் என்பது ஒன்று. மாணவர்கள் உங்களிடம் பேசுவது யாருக்குப் போகும், யாருக்குப் போகாது என்பது இன்னொன்று. இவை இரண்டும் தெளிவாகாமல் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள். மற்ற கவலைகள் எல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளக் கூடியவை.

"நான் யூதர் இல்லையே"

இதை வைத்து உங்களை நீங்களே தள்ளிவைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி மத அமைப்புகள் வேலைக்கு ஆள் எடுக்கும்போது தங்கள் மதத்தாருக்கு முன்னுரிமை கொடுத்துக்கொள்ளலாம். அந்த விலக்கு இருந்தும் அவர்கள் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். யோசித்துத்தான் கூப்பிட்டிருப்பார்கள்.

ஹில்லெல் 1923-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று 850-க்கும் மேற்பட்ட கல்லூரிகளில் அதன் பணி நடக்கிறது. அந்தக் கட்டடத்துக்குள் வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருப்பார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 2020-ல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கெடுப்பில், வயதுவந்த அமெரிக்க யூதர்களில் 37 சதவீதம் பேர் தங்களை மரபில் தளர்வான ரிஃபார்ம் பிரிவு என்றும், 17 சதவீதம் பேர் நடுத்தரமான கன்சர்வேடிவ் என்றும், 9 சதவீதம் பேர் மரபைக் கறாராகக் கடைப்பிடிக்கும் ஆர்த்தடாக்ஸ் என்றும் சொன்னார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் எந்தப் பிரிவையும் சொல்லவில்லை. 2010-க்குப் பிறகு கல்யாணம் செய்துகொண்டவர்களில் 61 சதவீதம் பேரின் துணை யூதர் அல்லாதவர். ஆகவே உங்களிடம் வரப்போகும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ வேறு மதத்தவராக இருக்கலாம். ஈரானிலிருந்து வந்த குடும்பம், ரஷ்ய மொழி பேசும் வீடு, கறுப்பின யூதர், நம் கொச்சி யூதர் வழிவந்த பிள்ளை என்று யார் வேண்டுமானாலும் வரலாம். எல்லாரும் வசதியான வீட்டுப் பிள்ளைகள்தான் என்று கடிதத்தில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் இன்றே மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். வாடகைக்குத் திண்டாடும் யூதக் குடும்பங்கள் நிறைய உண்டு. இந்த எண்ணம் உங்களிடம் இருப்பது தெரிந்தால், அந்த வீட்டுப் பிள்ளை பணக்கஷ்டத்தை உங்களிடம் வாய்திறந்து சொல்லவே மாட்டான்.

வெளியாள் என்பதே சில இடங்களில் உங்களுக்குக் கைகொடுக்கும். அப்பா மட்டும் யூதர் என்று ஒரு மாணவி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மரபான யூதச் சட்டத்தில் ஒருவர் யூதரா என்பதற்குத் தாய்வழிதான் கணக்கு. ரிஃபார்ம் பிரிவு 1983-ல்தான் தந்தைவழிப் பிள்ளைகளையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. "நான் உண்மையிலேயே யூதர்தானா" என்ற அவள் குழப்பத்தை உள்ளிருக்கும் ஒருவரிடம் சொல்ல அவளுக்குக் கூச்சமாக இருக்கும். உங்களிடம் சொல்லிவிடுவாள். ஆர்த்தடாக்ஸ் வீட்டுப் பையனுக்கு இன்னொரு பயம். மன அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுவது வெளியே தெரிந்தால் தனக்கும் தங்கைக்கும் வரன் அமையாது என்று வீட்டில் அஞ்சுவார்கள். இதை உங்களுக்கு யாரும் விளக்கவே தேவையில்லை, நம் ஊரில் இதே பேச்சு நடக்காத தெரு கிடையாது. அதே சமயம், ஒருவர் யூத ஆலோசகர்தான் வேண்டும் என்று கேட்டால் மனம் சுணங்காமல் அனுப்பி வையுங்கள். பல நகரங்களில் யூதக் குடும்பநல நிறுவனங்கள் இருக்கின்றன, அங்கே லைசென்ஸ் பெற்ற சமூகப்பணியாளர்கள் உண்டு.

ஹீப்ரு கற்றுக்கொள்ளத் தொடங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஆசைக்குக் கற்றுக்கொள்ளுங்கள், ஆனால் வேலைக்கு அது கட்டாயமில்லை. அவர்களில் ஒருத்தியாகக் காட்டிக்கொள்ள எந்த முயற்சியும் வேண்டாம். காலண்டர், சாப்பாடு, துக்கம் காக்கும் முறை, இந்த மூன்றும் தெரிந்தால் முதல் வருடத்துக்குப் போதும்.

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதிலிருந்து சனிக்கிழமை இரவு வரை ஷப்பாத் என்ற ஓய்வு நாள். கடைப்பிடிக்கிற மாணவர் அந்த நேரத்தில் போனைத் தொட மாட்டார். தற்கொலை எண்ணம் உள்ள ஒருவருக்கு நீங்கள் பாதுகாப்புத் திட்டம் எழுதிக் கொடுக்கும்போது "மனசு சரியில்லை என்றால் இந்த எண்ணுக்குக் கூப்பிடு" என்று மட்டும் எழுதினால், வாரத்தில் ஒரு முழு நாள் அந்தத் திட்டம் வேலை செய்யாது. நடந்து போகும் தூரத்தில் எந்தத் தோழர் இருக்கிறார், எந்தக் கதவைத் தட்டலாம் என்பதையும் எழுத வேண்டும். உயிரைக் காப்பதற்காக ஷப்பாத் விதிகளை மீறலாம், மீறத்தான் வேண்டும் என்பது யூதச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் மனநோயும் அந்தக் கணக்கில் வரும் என்று அந்த மாணவருக்குத் தோன்றாமல் போகலாம். அவர் மதிக்கும் ரப்பியிடம், அதாவது யூத மதகுருவிடம், முன்கூட்டியே பேசி, "ஆபத்தென்றால் போனை எடு" என்ற வார்த்தையை அவர் வாயிலிருந்தே வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.

பாவமன்னிப்பு நோன்பு நாளான யோம் கிப்பூரும் அப்படித்தான். ஏறத்தாழ 25 மணி நேரம் தண்ணீர்கூடக் குடிக்காமல் நோன்பு இருப்பார்கள். உணவுக் கோளாறிலிருந்து மெதுவாக மீண்டுகொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நாள் பல மாத உழைப்பைக் கலைத்துவிடக்கூடும். சாப்பிடலாம், கூடாது என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் யாரும் இல்லை, நானும் இல்லை. அவள் சம்மதத்தோடு அவளுடைய மருத்துவரையும் ரப்பியையும் பேசவைப்பதுதான் நம் வேலை. உடல்நிலை ஆபத்தில் இருப்பவர் நோன்பு இருக்கக் கூடாது என்று ரப்பிகளே சொல்வார்கள். அளவு பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடும் முறையும் அவர்களிடம் இருக்கிறது. இதைப் பண்டிகைக்கு முதல் நாள் மாலை பேசிப் பயனில்லை, சில வாரம் முன்பே தொடங்க வேண்டும்.

துக்க வீட்டு வழக்கமும் தெரிந்திருக்கட்டும். அடக்கம் பெரும்பாலும் ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு நெருங்கிய உறவினர்கள் ஏழு நாள் வீட்டிலேயே உட்கார்ந்து துக்கம் காப்பார்கள். அப்பாவையோ அம்மாவையோ இழந்த மாணவர் திடீரென்று வகுப்பிலிருந்து காணாமல் போவார், தேர்வு தவறிப்போகும். அப்போது டீன் அலுவலகத்துக்கு ஒரு கடிதம், பேராசிரியர்களுக்கு ஒரு மின்னஞ்சல் என்று நீங்கள் ஓடியாடிச் செய்யும் காரியம் பத்து கவுன்சலிங்குக்குச் சமம். உங்கள் படிப்பு உளவியல் பட்டத்திலிருந்து வேறுபடுவது இந்த இடத்தில்தான். ஒருவரின் மனதோடு மட்டும் பேசாமல் அவரைச் சுற்றியிருக்கும் அலுவலகம், வீடு, பணம், சட்டம் எல்லாவற்றோடும் பேசுகிறவர்தான் சமூகப்பணியாளர்.

முதல் நாள் முறுக்கு சுட்டு எடுத்துப் போகட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மனசு புரிகிறது, ஆனால் வேண்டாம். ஹில்லெல் சமையலறை கோஷர் என்ற யூத உணவு விதிப்படி நடப்பதாக இருந்தால் வெளியில் சமைத்த பண்டம் உள்ளே போகக் கூடாது. கடையில் கோஷர் முத்திரை போட்ட, பிரிக்காத பொட்டலமாக ஏதாவது வாங்கிப் போங்கள். இன்னொன்று, உங்கள் சாவிக்கொத்தில் பிள்ளையாரோடு ஸ்வஸ்திகா சின்னம் தொங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நமக்கு அது மங்கலம். ஆனால் ஹிட்லரின் முகாம்களில் பாட்டியின் குடும்பத்தையே இழந்த பிள்ளை அழுதுகொண்டு வந்து எதிரே உட்காரும்போது, அதன் பூர்வீகத்தை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அந்தச் சாவிக்கொத்து வீட்டிலேயே இருக்கட்டும். அதனால் உங்கள் நம்பிக்கைக்கு எந்தக் குறையும் வராது.

பட்டியல் கேட்கும் இயக்குநர்

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தந்தது இதுதான். "பல்கலைக்கழகத்தின் தனியுரிமைச் சட்டம் எப்படியும் மாணவர்களைப் பாதுகாக்கும்" என்று நினைத்திருக்கிறீர்கள். அப்படி எடுத்துக்கொள்ள முடியாது. 1974-ல் வந்த ஃபெர்பா சட்டம் கல்வி நிறுவனம் வைத்திருக்கும் மாணவர் ஆவணங்களுக்கானது. ஹில்லெல் பல இடங்களில் பல்கலைக்கழகத்தின் துறை அல்ல, தனியாகப் பதிவான தொண்டு நிறுவனம். அதன் அலமாரியில் இருக்கும் குறிப்பேட்டுக்கு அந்தச் சட்டம் தானாக வந்து காவல் நிற்காது.

அப்படியானால் எது காக்கும்? முதலில் நம் தொழிலின் நெறிமுறை. அமெரிக்கத் தேசிய சமூகப்பணியாளர் சங்கத்தின் நெறிமுறையில் ரகசியம் காப்பது பெரிய பகுதி. மாணவப் பயிற்சியாளர் என்பதால் உங்களுக்குச் சலுகை கிடையாது. அடுத்து, லைசென்ஸ். 1996-ல் ஜாஃபி எதிர் ரெட்மண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புச் சொன்னது. பணியின்போது ஒருவரைச் சுட்டுக்கொன்ற பெண் போலீஸ் அதிகாரி அதற்குப் பிறகு ஒரு சமூகப்பணியாளரிடம் கவுன்சலிங் போனார். இறந்தவரின் குடும்பம் வழக்குத் தொடுத்து அந்தக் குறிப்புகளைக் கேட்டது. தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம். மனநல மருத்துவரிடம் பேசியதற்கு உள்ள அதே பாதுகாப்பு, சிகிச்சை தரும் லைசென்ஸ் பெற்ற சமூகப்பணியாளரிடம் பேசியதற்கும் உண்டு என்று கூட்டாட்சி நீதிமன்றங்களுக்கு அது வழிவகுத்தது. இதில் "லைசென்ஸ் பெற்ற" என்பதைக் கவனியுங்கள். உங்களுக்கு இன்னும் அது இல்லை. மேற்பார்வையாளரின் லைசென்ஸின்கீழ் நீங்கள் வேலை செய்யும்போது பயிற்சியாளருக்கும் இது எவ்வளவு பொருந்தும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மேற்பார்வையாளரே இல்லாமல் "நலன் ஒருங்கிணைப்பாளர்" என்ற பெயரில் உட்கார்ந்தால் இந்தக் குடை உங்கள் மேல் இருப்பதாகவே நினைக்க முடியாது.

இயக்குநர் கெட்ட எண்ணத்தில் கேட்டிருக்க மாட்டார். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும், எந்தப் பிள்ளை கஷ்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் உதவலாம் என்று நினைத்திருப்பார். ஆனால் ஹில்லெல் சின்ன உலகம். நிர்வாகக் குழுவில் இருப்பவரின் மகளே உங்களிடம் வரலாம். பெயர்ப் பட்டியல் ஒருமுறை போய்விட்டால், வெள்ளிக்கிழமை விருந்தில் "இப்போ பரவாயில்லையா கண்ணா" என்று யாராவது அன்பாகத்தான் கேட்பார்கள். அந்த மாணவர் அதோடு உங்கள் பக்கமே வர மாட்டார். தன் நண்பர்களையும் வரவிட மாட்டார்.

ஆகவே பெயர் தர முடியாது, எண்ணிக்கை தருகிறேன் என்று சொல்லுங்கள். இந்த மாதம் இத்தனை பேர், இத்தனை சந்திப்பு, அதிகம் வந்த பிரச்சினைகள் தூக்கம், படிப்பு, வீடு. ஒரு பிரச்சினைக்கு ஒரே ஒருவர்தான் வந்திருந்தால் அதையும் தனியாகக் காட்டாமல் மற்றவற்றோடு சேர்த்துவிடுங்கள். நன்கொடையாளர் கூட்டத்தில் ஒரு மாணவரை மேடையேற்றி அனுபவம் சொல்லவைக்கலாமே என்றும் ஒருநாள் கேட்பார்கள். தற்போது உதவி பெற்றுக்கொண்டிருப்பவரிடம் பாராட்டுரை கேட்கக் கூடாது என்று நெறிமுறை சொல்கிறது. நம்மை நம்பியிருக்கும் பிள்ளை நாம் கேட்டால் மறுக்காது, அதனால்தான் கேட்கக் கூடாது.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. தன் உயிருக்கு ஆபத்து, பிறர் உயிருக்கு ஆபத்து, குழந்தை வன்கொடுமை போன்ற இடங்களில் நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். அதை முதல் சந்திப்பின் முதல் ஐந்து நிமிடத்திலேயே மாணவரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தத் தூக்கமில்லாத மாணவி

அவளுக்குப் போன் நம்பர் கொடுத்தது பாசத்தில் செய்தது. ஆனால் இன்றைய தேதியில் நீங்கள் அந்த அமைப்பில் எந்தப் பொறுப்பிலும் இல்லை. நள்ளிரவில் அவள் ஏதாவது அனுப்பினால் என்ன செய்வீர்கள்? ஆகவே இன்றே ஒரு செய்தி அனுப்புங்கள். "நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, நான் இன்னும் அங்கே சேரவில்லை, அதனால் உனக்குச் சரியான உதவி கிடைக்கிற இடத்தைச் சொல்கிறேன்" என்று ஆரம்பித்து, வளாகக் கவுன்சலிங் மையத்தின் எண்ணையும் 988 என்ற நெருக்கடி எண்ணையும் கொடுங்கள். 988 எந்த நேரமும் எடுப்பார்கள், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வாழ்வதில் வெறுப்பு வருகிறதா, சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆம் என்றால் அவளைத் தனியே விடாமல் அப்போதே ஆள் சேருங்கள்.

அவள் எதனால் தூங்கவில்லை என்று உங்களுக்கே தெரியாது. ஆனால் கடிதத்தில் "யூத வெறுப்பினால் பாதிக்கப்பட்டவள்" என்று எழுதிவிட்டீர்கள். இருக்கலாம். 2018-ல் பிட்ஸ்பர்க் நகர யூத ஜெபாலயத்தில் 11 பேர் சுட்டுக்கொல்லப்பட்டதிலிருந்து, வாசலில் காவலர் நிற்பதைப் பார்த்தே இந்தப் பிள்ளைகள் வளர்ந்திருக்கிறார்கள். ஆனால் காதல் முறிவாக இருக்கலாம், ரூம்மேட் தொல்லையாக இருக்கலாம், அப்பா அம்மா பிரியப்போகிறார்களாக இருக்கலாம், கால்குலஸில் முதல்முறையாகத் தோற்றிருக்கலாம். யூத மாணவர் உங்களிடம் வருவது முதலில் பத்தொன்பது வயதுப் பிள்ளையாகத்தான். காரணத்தை நீங்களே முடிவுகட்டிவிட்டால் உண்மைக் காரணத்தைச் சொல்ல அவளுக்கு இடமில்லாமல் போய்விடும்.

பட்டம் வாங்கியதுமே உளச்சிகிச்சை தரத் தொடங்கிவிடலாம் என்றும் நினைத்துவிடாதீர்கள். எம்எஸ்டபிள்யூ என்ற இந்த முதுகலைப் படிப்பை முடித்து, தேர்வு எழுதி முதல்நிலை லைசென்ஸ் வாங்க வேண்டும். தனியாகச் சிகிச்சை தரும் லைசென்ஸுக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அதற்கு மேல் இரண்டு வருடமாவது, மூவாயிரம் மணி நேரத்தை ஒட்டி, மேற்பார்வையில் வேலை செய்திருக்க வேண்டும். அதுவரை உங்கள் பங்கு முதல் காது கொடுப்பதும், ஆபத்தை அடையாளம் காண்பதும், சரியான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், சிறு குழுக்கள் நடத்துவதும்தான். மேற்பார்வையாளர் சம்மதித்தால் அவருக்குக்கீழ் கொஞ்சம் தனிநபர் கவுன்சலிங். இதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கவுன்சலிங் மையத்தின் வாசல்வரை வந்து திரும்பிப் போகும் பிள்ளையோடு கூட நடந்து போய் உள்ளே உட்காரவைப்பவர் இல்லாமல்தான் பலர் தவறிப்போகிறார்கள்.

தோழி கேட்ட "எந்தப் பக்கம்"

2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் இஸ்ரேலில் நடத்திய தாக்குதலில் ஏறத்தாழ 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பிணையாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பிறகு காசாவில் நடந்த போரில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். அந்தப் போரை எதிர்த்து 2024 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய கூடாரப் போராட்டம் நாடெங்கும் பரவியது. இந்த எல்லாவற்றின் பாரமும் உங்கள் அறைக்குள் வரும். ஒரே பக்கத்திலிருந்து வராது. அங்கே உறவினரை இழந்த மாணவர் வருவார். இஸ்ரேல் அரசை எதிர்த்துப் போராடி, அதனால் வீட்டில் பேச்சு நின்றுபோன யூத மாணவரும் வருவார். இதில் கருத்தே சொல்லப் பிடிக்காமல், வகுப்பில் எல்லாரும் தன் கருத்துக்காகத் திரும்பிப் பார்ப்பதைத் தாங்க முடியாதவரும் வருவார். சொல்லப்போனால் இந்த மூன்றாமவர்கள் நிறைய.

ஹில்லெல் தலைமையகத்துக்கு இஸ்ரேல் பற்றி வெளிப்படையான நிலைப்பாடு உண்டு. இஸ்ரேல் யூத நாடாக இருப்பதற்கான உரிமையை ஏற்காத அமைப்புகளையும், இஸ்ரேலைப் புறக்கணிக்கும் இயக்கத்தை ஆதரிக்கும் அமைப்புகளையும் கூட்டுச் சேர்ப்பதில்லை என்று 2010-லேயே விதி வகுத்திருக்கிறார்கள். அதை எதிர்த்து 2013-ல் ஸ்வார்த்மோர் கல்லூரி மாணவர்கள் தங்கள் ஹில்லெல்லை அந்த விதிக்குக் கட்டுப்படாத "திறந்த ஹில்லெல்" என்று அறிவித்ததும் நடந்தது. இது தெரிந்தே உள்ளே போங்கள். இயக்குநரிடம் நேராகக் கேளுங்கள்: "உங்கள் நிலைப்பாட்டோடு ஒத்துப்போகாத யூத மாணவர் என்னிடம் வந்தால், அவருக்கும் இதே கவனிப்பைத் தர எனக்கு அனுமதி உண்டா? எந்த அறிக்கையிலாவது நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்குமா?" முதல் கேள்விக்குத் தயக்கமில்லாமல் உண்டு என்று பதில் வந்தால் நல்ல இடம். மழுப்பினால், அது நீங்கள் வேலை செய்யக்கூடிய இடமா என்று நானே சந்தேகப்படுவேன். தோழிக்கும் இதையே சொல்லலாம். வலியோடு வருகிறவருக்குக் காது கொடுப்பது எந்த அரசுக்கும் ஓட்டுப் போடுவதாகாது. அந்த மாணவர்கள் ஒரு நாட்டின் தூதர்களும் அல்ல.

ஒரு மாணவர் உண்மையிலேயே துன்புறுத்தப்பட்டால் அவருக்குள்ள வழிகளையும் நீங்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 1964-ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தின் ஆறாம் பகுதி, மத்திய அரசு நிதி பெறும் கல்லூரிகளில் இனம், நிறம், பூர்வீக நாடு ஆகியவற்றின் பேரில் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. அதில் மதம் என்ற சொல் இல்லை. ஆனால் பொது வம்சாவளி என்ற அடிப்படையில் யூத மாணவர்களுக்கும், அதே போல முஸ்லிம், சீக்கிய, இந்து மாணவர்களுக்கும் அது பொருந்தும் என்பதுதான் கல்வித்துறை நீண்டகாலமாகச் சொல்லிவரும் விளக்கம். கல்லூரியின் உரிமைகள் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம், கல்வித்துறையின் சிவில் உரிமைகள் அலுவலகத்திலும் கொடுக்கலாம். பின்னதற்கு, சம்பவம் நடந்த 180 நாளுக்குள் என்று கெடு. 2025-ல் அந்த அலுவலகத்தின் 12 பிராந்தியக் கிளைகளில் 7 மூடப்பட்டதால் விரைவான முடிவை எதிர்பார்க்கச் சொல்லாதீர்கள். மனதைப் புண்படுத்தும் பேச்சு எல்லாமே சட்டப்படி பாகுபாடு ஆகிவிடாது. படிக்கவே முடியாத அளவுக்குக் கடுமையாகவோ தொடர்ந்தோ நடந்ததா என்று பார்ப்பார்கள். தேதி, இடம், படம் எல்லாவற்றையும் எடுத்துவைக்க உதவுங்கள். புகார் கொடுக்கலாமா வேண்டாமா என்பது மட்டும் அவர் முடிவு. அவரை முன்னே தள்ளவும் வேண்டாம், பின்னே இழுக்கவும் வேண்டாம்.

அப்பாவின் கவலை

அப்பா சொல்வதில் பாதி சரி. சமூகப்பணி, ஸ்டெம் எனப்படும் அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளின் பட்டியலில் இல்லை. ஆகவே படிப்புக்குப் பின் ஓபிடி என்ற வேலை அனுமதி 12 மாதம் மட்டும்தான், 24 மாத நீட்டிப்பு கிடையாது. அதிலும் வேலையில்லாமல் மொத்தம் 90 நாளுக்கு மேல் இருக்க முடியாது. பல்கலைக்கழகமும் அதோடு முறைப்படி இணைந்த இலாப நோக்கற்ற நிறுவனங்களும் எச்-1பி என்ற வேலை விசாவுக்கு, குலுக்கலில் சேராமலே விண்ணப்பிக்கலாம். பெரிய போதனா மருத்துவமனைகள் பல அந்த வகையில் வரும். ஹில்லெல் தனி நிறுவனமாக இருந்தால் வரும் என்று சொல்ல முடியாது. அவர்கள் இதற்கு முன் யாருக்காவது விசா எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். "கட்டாயம் எடுப்போம்" என்ற வாய்வார்த்தையை நம்பி மற்ற விண்ணப்பங்களை நிறுத்திவிடாதீர்கள். விதிகள் அடிக்கடி மாறுவதால் குடியேற்ற வழக்கறிஞரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். களப்பணிக்கே, சம்பளம் இல்லாவிட்டாலும்கூட, சிபிடி எனப்படும் படிப்புக்கால வேலை அனுமதி வேண்டுமா என்று சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்டு, வேண்டுமென்றால் அது கைக்கு வந்த பிறகே முதல் நாள் போங்கள்.

மற்றப் பாதி தவறு. ஹில்லெல்லில் களப்பணி செய்தவரை வேறு யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. தற்கொலைத் தடுப்பு, துக்க ஆலோசனை, நெருக்கடி மேலாண்மை என்று நீங்கள் அங்கே கற்பதை எந்தக் கல்லூரியும் மருத்துவமனையும் மதிக்கும். இது ஏதோ புதிதாக முளைத்த துறையும் அல்ல. 1893-ல் லில்லியன் வால்ட் என்ற யூத செவிலியர் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகளுக்காகத் தொடங்கிய ஹென்றி ஸ்ட்ரீட் இல்லம் அமெரிக்கச் சமூகப்பணியின் வேர்களில் ஒன்று. யெஷிவா பல்கலைக்கழகத்தின் வுர்ஸ்வைலர் சமூகப்பணிக் கல்லூரி 1957-லிருந்து இருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகமும் எம்எஸ்டபிள்யூ படிப்போடு சேர்த்து யூதச் சமூகப் பணிக்கென்றே ஒரு திட்டம் நடத்தியிருக்கிறது.

இந்த வாரம் செய்ய வேண்டியவை

முதலில் உங்கள் கல்லூரியின் களப்பணி அலுவலகத்துக்குப் போங்கள். எம்எஸ்டபிள்யூ படிப்புக்குக் குறைந்தது 900 மணி நேரக் களப்பணி வேண்டும். மேற்பார்வையாளரும் எம்எஸ்டபிள்யூ முடித்து அனுபவம் பெற்றவராக இருக்க வேண்டும். ஹில்லெல்லில் அப்படி ஒருவர் இல்லையென்றால் கல்லூரியே வெளியிலிருந்து ஒருவரைத் தர ஏற்பாடு உண்டு. சிகிச்சை லைசென்ஸ் உள்ளவராகக் கேளுங்கள், வாரம் ஒரு மணி நேரமாவது என்று எழுதி வாங்குங்கள். பிறகு இயக்குநரிடம் அறையைப் பற்றிப் பேசுங்கள். சமையலறைக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்ட அறை வேண்டாம். யார் வருகிறார், யார் போகிறார் என்று தெரியாத மாடி அறை ஒன்று, பூட்டுப் போடும் அலமாரி ஒன்று. இல்லையென்றால் மாணவரோடு வளாகத்தைச் சுற்றி நடந்துகொண்டே பேசலாம், பலருக்கு அதுதான் சௌகரியமும்கூட. மூன்றாவதாக, பெயர்ப் பட்டியல் கிடையாது, எண்ணிக்கை மட்டும் என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அவர்கள் மறுத்தால் எனக்கு எழுதுங்கள். மருத்துவமனை இடத்துக்கான விண்ணப்பத்தை அதுவரை திரும்பப் பெறாதீர்கள்.